நடுப்புள்ளி யாருக்கு

ஒரு பாலத்தைக் கட்டுவதற்கு முன்னால் அதை நறுக்கிப் பார்க்க வேண்டும் என்று டைட்டஸ் இஞ்சினியர் சீமையில் படித்துவிட்டு வந்திருந்தார். கத்தியால் அல்ல மக்களே, காகிதத்தில். பாலத்தின் படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டும் துண்டும் சேரும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளிக்கு ஒரு எண் கொடுக்க வேண்டும். மேலே பாரவண்டி ஏறினால் எந்தப் புள்ளி எவ்வளவு தாழும், அது பக்கத்துப் புள்ளியை எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட வேண்டும். ஒரு புள்ளியைச் சரிசெய்தால் அடுத்தது கோணும். அதைச் சரிசெய்தால் முதல் புள்ளி மறுபடியும் கோணும். கோணல் தேய்ந்து தேய்ந்து ஓய்கிறவரை விடாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அழுகிற பிள்ளைகள் நிறைந்த வீட்டில் ஒவ்வொன்றாகத் தூங்கவைப்பது போன்ற வேலை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், குழித்துறையில் ஒரு வாடகைக் கட்டடத்தில் இந்தக் கணக்கு நடந்தது. சிதறால் ஊருக்குப் போகிற வழியில் ஒரு தோட்டுக்கு, அதாவது ஓடைக்கு, குறுக்கே வண்டிப்பாலம் கட்டவேண்டியிருந்தது. கணக்குப் போட மூன்று பேர். அதில் ஒருத்தி லீமா. குளச்சல் கடற்கரையில் சிலுவை என்கிறவருடைய மகள். கணக்கில் பட்டம் வாங்கியவள். அப்பனின் வள்ளம் பாறையில் மோதிச் சிதறிய பிறகு அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. வேலையோ தற்காலிகம். இந்தப் பாலத்தின் கணக்கு நல்லபடியாக முடிந்தால் நிரந்தரமாக்கித் தருவதாக டைட்டஸ் வாக்குக் கொடுத்திருந்தார். கணக்கின் அடியில் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டியவளும் அவள்தான். பாலம் நின்றால் பேர் டைட்டஸுக்கு, விழுந்தால் பழி லீமாவுக்கு என்பது ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

படம் வரைகிறவர்கள் ரெண்டு பேர், பகவதியப்பனும் குமாரதாஸும். ரெண்டு பேருக்கும் நல்ல கை. ஆனால் அந்த வருஷங்களில் நம் ஊரில் யார் சும்மா இருந்தார்கள்? தமிழ்த் தாலுகாக்கள் மதராஸோடு சேரவேண்டும் என்பது பகவதியப்பன் கட்சி. திருவனந்தபுரத்தோடேயே இருக்கவேண்டும் என்பது குமாரதாஸ் கட்சி. எதிரெதிரே உட்கார்ந்து ஒரே மைக்கூட்டில் பேனாவை முக்குவார்கள். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். ஒருவருக்கு அளவுகோல் வேண்டுமென்றால் பியூன் இசக்கியைக் கூப்பிட்டு, எதிரில் இருக்கிறவரிடம் கேட்டு வாங்கிவரச் சொல்வார். இசக்கியும் மேஜையைச் சுற்றிப் போய்க் கேட்டு, சுற்றி வந்து கொடுப்பார்.

கடல் தாண்டிப் போய்வந்த டைட்டஸுக்கு இந்த ஒரு மேஜையைத் தாண்டத் தைரியமில்லை. படத்தை நடுவில் கத்தரிக்கோலால் வெட்டி, கிழக்குப் பாதியைப் பகவதியப்பனுக்கும் மேற்குப் பாதியைக் குமாரதாஸுக்கும், துண்டு பிரித்துப் புள்ளி வைத்து வரையக் கொடுத்துவிட்டார். நாட்டில் யாருக்கும் வராத சமாதானம் தன் ஆபீஸுக்கு வந்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

பாதிகள் ரெண்டும் வந்ததும் லீமா கணக்கைத் தொடங்கவில்லை. முதலில் உட்கார்ந்து பார்த்தாள். எல்லாத் துண்டும் பக்கத்துத் துண்டைத் தொடுகிறதா, அடிக்கணக்கில் அங்குலம் கலந்து கிடக்கிறதா, பாலத்தின் கால்கள் தரையில் ஊன்றியிருக்கின்றனவா, வண்டியை ஏற்றியாயிற்றா. இப்படிப் பார்க்காமல் கணக்குத் தொடக்கூடாது என்று முதல் வாரத்தில் படித்துப் படித்துச் சொன்னது டைட்டஸேதான். சொன்னவருக்கு இப்போது அவசரம். மாதக் கடைசியில் பெரிய இஞ்சினியர் வருகிறார்.

கால்கள் ஊன்றியிருந்தன. வண்டியும் கிழக்குப் பாதியில் ஏறி நின்றது. நடுவில்தான் வினை. பகவதியப்பன் தன் பாதியை நடுப்புள்ளிவரை வரைந்து அதற்கு இருபத்து நாலு என்று எண் போட்டிருந்தார். குமாரதாஸும் நடுப்புள்ளியிலிருந்து தொடங்கி அதற்கு இருபத்தைந்து என்று போட்டிருந்தார். படத்தைச் சேர்த்துவைத்தால் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து ஒரே புள்ளியாகத் தெரியும். கணக்கில் அவை ரெண்டு பேர். இருபத்து நாலு பாரத்தில் முங்கினாலும் இருபத்தைந்துக்குச் சேதி போகாது.

லீமா டைட்டஸிடம் போனாள். “சார், பாலம் நடுவுல ரெண்டாக் கெடக்கு. ஒரு நம்பர அழிக்கணும்.”

டைட்டஸ் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் படம் வரைகிறவர்களின் மேஜைப் பக்கம் பார்த்தார். “ரெண்டும் ஒரே எடத்துலதானே இருக்கு. கண்ணுக்குத் தெரியுதுல்லா?”

“கண்ணுக்குத் தெரிஞ்சாலும் கணக்குக்குத் தெரியாது சார்.”

அவர் அசையவில்லை. அவளே மேஜைக்குப் போய்க் கேட்டாள். பகவதியப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இத்தன காலமா நாங்க விட்டுக் குடுத்தது போதாதா பிள்ளே? இன்னைக்கிப் புள்ளியக் குடுத்தா நாளைக்கித் தாலுகாவக் கேப்பான்.” குமாரதாஸ் கூரையைப் பார்த்துப் பேசினார். எதிரில் இருக்கிறவர் முதலில் அழித்தால், தானும் யோசிக்கலாமா என்று யோசிப்பாராம்.

சாயங்காலத்துக்குள் சேதி சாயாக்கடைக்குப் போய்விட்டது. நடுப்புள்ளியை ஒருபோதும் விடமாட்டோம் என்று ரெண்டு கட்சியிலும் தீர்மானம் போட்டார்கள். அது என்ன புள்ளி என்று ரெண்டு கூட்டத்திலும் ஒருத்தரும் கேட்கவில்லை. கைதட்டல் மட்டும் பலமாக இருந்ததாகக் கேள்வி.

டைட்டஸ் அப்படியே கணக்கைத் தொடங்கச் சொல்லிவிட்டார். போடச் சொன்னால் போடுகிறேன், கையெழுத்து மட்டும் கேட்கக்கூடாது என்றாள் லீமா. பிடிவாதம் பிடித்தால் வேலைக்கு உத்தரவாதமில்லை என்றார் அவர். வீட்டில் அப்பன், உடைந்த வள்ளத்தின் பலகையை முற்றத்தில் போட்டு அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிற மனுஷன். ஆனாலும் அந்த அடியிடத்தை வெறுமையாகவே விட்டுவைத்தாள்.

மூன்று பேரும் கை வீங்கக் கணக்குப் போட்டார்கள். கோணல் எல்லாம் ஓய்ந்து விடை வந்தது. வண்டி ஏறினால் கிழக்குப் பாதியின் நுனி ஓர் ஆள் உயரம் கீழே போகும். மேற்குப் பாதி இருந்த இடத்திலேயே இருக்கும். அதாவது கிழக்கேயிருந்து வருகிற காளைகள் நடுப்பாலத்தில் நின்று எதிரே ஒரு சுவரைப் பார்க்கும். டைட்டஸ் கூட்டல் கழித்தலை மறுபடி போட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

படம் வரைந்தவர்களுக்கோ ஒரே பெருமை. தன் பாதி ஒரு நூல்கூட அசையவில்லை பார் என்றார் குமாரதாஸ். பாரம் முழுவதையும் சுமப்பது யார், சும்மா நிற்பது யார் என்று இப்போதாவது தெரிந்ததா என்றார் பகவதியப்பன். ரெண்டு பேரும் இசக்கியிடம்தான் சொன்னார்கள்.

டைட்டஸ் ஒரு யோசனை சொன்னார். சிரிக்காதீர்கள் கண்ணுகளே, படித்த மனுஷன் சொன்னது. வண்டியை நடுவில் நிறுத்திச் சுமையை இறக்கி, ஏணி வைத்து மேற்கே ஏற்றி, அங்கே வேறு வண்டியில் கொண்டுபோகலாமே என்றார். தோட்டையும் வண்டியையும் காளையையும் மாற்ற அவர் தயார். புள்ளியை மாற்றத்தான் பயம்.

பெரிய இஞ்சினியர் வர ரெண்டு நாள் இருக்கையில் அவரே லீமாவின் மேஜைக்கு வந்து நின்றார். இதுவரை அந்தப் பக்கம் வந்து நின்றதில்லை. “என்னமாவது செய்யி மக்கா” என்றார்.

லீமா ரப்பரை எடுத்தாள். இருபத்து நாலை அழித்தாள், இருபத்தைந்தையும் அழித்தாள். ரெண்டு பேரும் எழுந்து நின்றார்கள். அந்த இடத்தில் ஒரு சின்ன மீனை வரைந்தாள். எண் இல்லை, மீன் மட்டும். பகவதியப்பன் குனிந்து பார்த்தார். இது எதிரில் இருக்கிறவருக்குச் சம்மதமா என்று கேட்கச் சொன்னார். இசக்கி சுற்றிப் போய்க் கேட்டுவந்தார். ஒருத்தன் நம்பரும் ஜெயிக்கவில்லை என்றால் சம்மதம்தானாம்.

முன்பு போட்டதில் பாதி உதவியது. மீனை வைத்து மறுபடி போட்டபோது ரெண்டு பாதியும் பாரத்தைப் பங்கிட்டுக்கொண்டன. நடுவில் ஒரு விரல்கடை தாழ்வு. எந்தக் காளைக்கும் தெரியாது.

டைட்டஸ் பேனாவைத் திறந்து நீட்டினார். லீமா வாங்கி மேஜையில் வைத்தாள். வேலை உத்தரவு முதலில் வரட்டும் என்றாள். அவர் முகம் சுண்டிப்போய், கோபத்தோடு உள்ளே போய், உத்தரவை டைப் அடிக்கச் சொல்லி வாங்கிவந்தார். ரெண்டு பக்கம். முதல் பக்கத்தில் நிரந்தரம் என்றிருந்தது. ரெண்டாம் பக்கத்தில், மேற்படி பாலத்தின் கணக்கு முடியும்வரை என்றிருந்தது. முதல் பக்கத்தை ஒரு குமாஸ்தாவும் மற்றதை இன்னொருவரும் அடித்திருந்தார்கள்.

“ஒரே உத்தரவுதானே லீமா. குண்டூசி குத்தியிருக்குல்லா.”

“ஊசி குத்தினா ஒண்ணாவுமா சார்?”

வெளியே ஜீப்பின் சத்தம் கேட்டது. டைட்டஸ் தானே டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் ஒரே பக்கமாக அடித்தார். லீமா பின்னால் நின்று வரிவரியாகப் படித்தாள். தேதி விட்டுப்போயிருந்தது, போடவைத்தாள். முத்திரை மங்கலாக விழுந்தது, மறுபடி குத்தவைத்தாள். அதற்குப் பிறகுதான் கணக்கின் அடியில் தன் பெயரை எழுதினாள்.

பெரிய இஞ்சினியர் தாள்களைப் புரட்டினார். நடுவில் இது என்ன மீன் என்று கேட்டார். இதுதான் சீமையில் புதிதாக வந்திருக்கிற முறை என்றார் டைட்டஸ். பெரியவர் மெச்சித் தலையாட்டினார்.

லீமா அதைக் கேட்க நிற்கவில்லை. கொல்லைக் குழாயடியில் சோற்றுப்பாத்திரத்தைக் கழுவி, முந்தானையால் ஈரம் போகத் துடைத்து, உத்தரவை மடித்து உள்ளே வைத்து மூடினாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. குளச்சல் பஸ் புறப்படுகிற நேரம்.