என்சினுக்குக் குளிர்காற்று

…இன்னும் உறைந்திருக்காது, எப்படி உறையும், சண்டிலிப்பாய் தாண்டி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் தண்ணீர் கட்டியாகிவிட அது என்ன கொழும்புக் குளிர்ப்பெட்டியா, வெறும் பிஸ்கற் பெட்டி, அதற்குள் சுருட்டி வைத்த செப்புக்குழாய், குழாயோடு ஒட்டினாற்போல் தேவகுமாரி தன் கையாலேயே வைத்த சின்னத் தகரச் சிமிழ், சிமிழுக்குள் கொதித்தாறிய தண்ணீர் நாலு கரண்டி… மூடியை இறுக்கினேனா? இறுக்கினேன், இரண்டு தரம் அழுத்திப் பார்த்தேன், மூன்றாம் தரமும் பார்த்திருக்கலாம். ஒஸ்ரின் காரின் முன் ஆசனத்தின் நுனியில் இருந்துகொண்டு, என்சினை மூடிய பொனற்றுக்குள்ளே பார்வை நுழைந்துவிடும் என்பதுபோல அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிருபைரட்ணம், அவளுடைய புருஷன், இருபத்தாறு வருஷத்துப் புருஷன், ஸ்ரியரிங் வளையத்தைப் பிடித்தபடி காதைச் சாய்த்து என்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கலியாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்வியைக்கூட இந்த மனுசன் இவ்வளவு கவனமாய்க் கேட்கவில்லை.

“என்சின்ரை இழுவையைக் கவனிச்சனீரோ?” என்றார். “ஓம் ஓம், கவனிச்சன்” என்றாள். என்ன இழுவையோ, யாருக்கு வேண்டும் அந்த இழுவை, அச்சுவேலிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், அண்ணையின் வாயில் ஒரு துண்டு ஐஸ் வைத்தால் போதும். ஐஸ்! சண்டையில் பாதை பூட்டி, மின்சாரம் போய், மூன்று வருஷமாய் இந்தக் குடாநாட்டில் ஒருத்தரும் கண்ணால் காணாத சாமான். முந்தி என்றால் சந்திக்குச் சந்தி ஐஸ்பழக்காரன் மணியடித்துக்கொண்டு நிற்பான், பத்துச் சதத்துக்குச் சிவப்பு, பதினைந்துக்குப் பால், அண்ணை சிவப்பை வாங்கி முதலில் அவளுக்குத்தான் நீட்டுவார், ‘ஒரு கடி, ஒரேயொரு கடி, பெரிசாக் கடிச்சாயோ தலையிலை குட்டிப்போடுவன்’… அந்தத் தொண்டையில்தான் இப்போது புற்று. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கோ என்று விட்டார்கள். தண்ணீர் இறங்காது, கஞ்சி இறங்காது, உள்ளே நெருப்பாய் எரிகிறதாம். பங்குனியில் போய்ப் பார்த்தபோது காதருகே இழுத்துச் சொன்னார், காற்றுத்தான் வந்தது, சொல் வரவில்லை, ‘பிள்ளை, ஒரு துண்டு ஐஸ்’ என்று. எங்கே போவேன் அண்ணை நான் ஐஸுக்கு?

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மேசையில் இவருக்குப் புட்டை வைத்துவிட்டு, அடக்க முடியாமல் அழுதேனே, அழுதழுது சொன்னேனே, அண்ணை ஐஸ் கேட்கிறார் என்று. இவர் என்ன செய்தார்? சம்பல் கொஞ்சம் போடும் என்றார். சாப்பிட்டார், கை கழுவினார், வளவுக்குள்ளே கார் நின்ற கொட்டிலுக்குப் போய்விட்டார். கல்நெஞ்சு. இரண்டு நாள் கழித்து வந்து கேட்கிறார், ‘இஞ்சரும், உம்மடை காஸ் சிலிண்டர் சும்மாதானே கிடக்குது?’ சும்மாவா கிடக்கிறது! பாதை பூட்டுகிறதுக்கு முதல் வந்த கடைசிச் சிலிண்டர், அரைவாசிக்கு மேல் இருந்தது, மூன்று வருஷமாய் விறகில் ஊதி ஊதிக் கண் அவிந்தாலும் அதைத் தொடாமல் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்டால், என்சினுக்குக் குளிர்காற்று கொடுக்கப் போகிறாராம். கேட்டீர்களா கதையை! அங்கே அண்ணை சாகக் கிடக்கிறார், இவருடைய என்சினுக்கு வேர்க்கிறதாம். நல்லாய்ப் பேசினேன் அன்றைக்கு, அயல் முழுக்கக் கேட்கப் பேசினேன், பேசிவிட்டுச் சிலிண்டரையும் கொடுத்தேன், ஏன் கொடுத்தேன்… கேட்டுவிட்டு நிற்கிறபோது அந்த முகம் அப்படி. சின்னப்பிள்ளை மாதிரி. அதுதான் எப்போதும் என்னை ஏமாற்றுகிற முகம்.

மானிப்பாய். சைக்கிள்காரர்கள் காலூன்றி நின்று திரும்பிப் பார்த்தார்கள். பார்க்க மாட்டார்களா, ஊரில் ஓடுகிற எல்லாமே மண்ணெண்ணெயில் ஓடுகிறது, புகையைக் கக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, இது மட்டும் சமையல் காஸில் ஒரு துளி புகையில்லாமல் போகிறது. மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டுமாம், ஆகையால் எல்லாரும் குழாயைப் புகைபோக்கியில் சுற்றிச் சூடாக்குகிறார்கள், இவர் ஒருத்தர்தான் குளிராக்குகிறார், ஊர் வடக்கே போனால் இவர் தெற்கே. அவளுக்கும் விளங்கப்படுத்தியிருக்கிறார், ஒரு தரமா இரண்டு தரமா. சிலிண்டரைக் கவிழ்த்து வைத்தால் உள்ளே இருக்கிற திரவம் குழாயால் வருமாம், அது ஆவியாக வெக்கை வேண்டுமாம், குளித்துவிட்டு ஈரத்தோடு காற்றில் நின்றால் உடம்பு குளிருமே அது மாதிரி, அந்த வெக்கையை என்சின் குடிக்கிற காற்றிலிருந்தே பறித்தெடுத்தால் காற்றுக் குளிர்ந்து செறியுமாம், ஆவியான காஸோடு செறிந்த காற்றையும் குடித்தால் என்சினுக்குப் பலம் கூடுமாம். முதல் முறை ஓட்டிப் பார்த்த அன்று பொனற்றைத் திறந்து காட்டினார், பிஸ்கற் பெட்டியின் மேல் வெள்ளையாய், மாவு தூவினாற்போல… தொட்டாள். தொட்ட விரல் சுரீர் என்றது. ‘இஞ்சருங்கோ! இது ஐஸ்!’ என்று கத்தினாள். ‘ஓமோ?’ என்றார், அவ்வளவுதான், விஞ்ஞானி! தான் செய்ததில் என்ன கிடக்கிறது என்று தெரியாத விஞ்ஞானி. யோசித்தது நான். தண்ணீரை ஒரு சிமிழில் விட்டுப் பெட்டிக்குள் வைத்தால் என்ன என்று கேட்டது நான். குசினிக்கு ஓடினால் ஒரு தொண்டைமாத்திரைத் தகரச் சிமிழ் கைக்கெட்டிய இடத்திலேயே கழுவித் துடைத்தபடி கிடந்தது, பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால் குழாய்க்குப் பக்கத்தில் அளவெடுத்தாற்போல் இருந்தது. கர்த்தருடைய கிருபை என்று அந்த இடத்திலேயே நின்று ஸ்தோத்திரம் சொன்னாள்.

உரும்பிராய்க்குக் கிட்ட வரும்போது என்சின் ஒரு தரம் இருமியது. பிறகு இன்னொரு தரம். கார் மூச்சுத்திணறி, குலுங்கி, ஒரு வேப்பமரத்தடியில் போய் நின்றது, நின்றபடியே தடதடவென்று நடுங்கியது. ஐயோ. ஐயோ என்ரை ஆண்டவரே. அவர் இறங்கிப் பொனற்றைத் தூக்கினார், அவளும் ஓடினாள். காற்றுப் போகிற வாய் முழுக்க வெள்ளை, ஈரக் காற்று உறைந்து வாயை அடைத்துவிட்டது. அவளுக்குத் தெரியும், முதல் முறையும் இப்படித்தான் நின்றது, அன்றைக்கு ஒரு வாளி வெந்நீரை ஊற்றினார், எல்லாம் கரைந்து ஓடியது. பின் ஆசனத்தில் வெந்நீர்ப் போத்தல் இருக்கிறது. அவள் போய் அதன்மேல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். “ஊத்தாதேங்கோ,” என்றாள், “கும்பிட்டுக் கேக்கிறன், ஊத்தினா எல்லாம் போயிடும், பிறகு திரும்ப உறைய வைக்கக் காஸும் காணாது.” “ஆர் ஊத்தப் போறது?” என்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு மரக்குச்சியை எடுத்தார், நுனி சீவிய குச்சி, முட்டைக்கோது உடைக்கிறாற்போல மெல்ல மெல்லத் தட்டி அந்த வாயை மட்டும் திறந்தார், சிமிழ் இருந்த பக்கம் குச்சி போகவேயில்லை. வானத்தில் எங்கேயோ ஹெலி ஒன்று உறுமியது, பலாலி ஆமி முகாம் பக்கமாய்ப் போய் மறைந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்சின் மூச்சு விட்டது. அவளும் விட்டாள். குச்சி சீவிக் கொண்டுவந்திருக்கிறாரே என்று ஒரு நினைப்பு வந்தது, கோப்பாய்த் தோட்டங்களின் பச்சை கண்ணில் பட்டதும் அது போய்விட்டது.

நீர்வேலி, புத்தூர்… இனி அச்சுவேலிதான். இவர் உள்ளே வரமாட்டார். பதினொரு வருஷம் அந்த வாசல்படி மிதிக்கவில்லை, இன்றைக்கா மிதிக்கப் போகிறார். எண்பத்திரண்டாம் ஆண்டு நத்தார், இயேசு பிறந்த நாள் கீத ஆராதனை, கோயிலில் மின்சாரம் நின்றுவிட்டது, இவர் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெஷின் என்சினைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்து, டைனமோ பூட்டி வெளிச்சம் கொடுத்தார், வெளிச்சம் வந்தது, சத்தமும் வந்தது, பாடகர் குழுவில் யார் பாடுகிறார்கள் என்றே கேட்கவில்லை. குழுத் தலைவர் அண்ணை. சபை முழுக்கப் பார்த்திருக்க, ‘நிப்பாட்டு உந்தச் சனியனை!’ என்று கத்தினார், ‘என்ரை தங்கச்சிக்கு வேறை மாப்பிள்ளை கிடைக்கேல்லையே!’ இவர் நிறுத்தினார். இருட்டுக்குள் என்சினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு இரண்டு ஆம்பிளைகளும் ஒரு சொல் கதைக்கவில்லை. இவர் வாயில் அண்ணைக்குப் பெயரே ‘அந்த மனுசன்’. இரண்டு பக்கமும் போய் அழுதவள் நான்தான். விசர்க் கூட்டம், இரண்டும் பைத்தியம்.

கார் நின்றது. அவள் இறங்குவதற்குள் அவர் பெட்டியைத் திறந்து ஒரு கம்பிக் கொளுக்கியால் சிமிழைத் தூக்கிவிட்டார், காரின் பின்னால் ஒரு வாளியில் மரத்தூள், அதில் புதைத்து, துணியில் சுற்றி, “ஓடும்” என்றார். ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அண்ணையின் மனைவி மார்கிரட் மச்சாள் கதவைத் திறந்தபடி நின்றாள். கட்டிலில் அண்ணை, எலும்பும் கண்ணுமாய். மூடியைத் திறந்தால் கண்ணாடிபோல ஒரு வில்லை! கரண்டிக் காம்பால் தட்டி, புளியங்கொட்டையளவு துண்டை எடுத்து உதட்டுக்குள் வைத்தாள். அண்ணை துரைராஜா கண்ணை மூடினார். தொண்டைக்குழி ஒரு தரம் ஏறி இறங்கியது. மூடிய கண்ணின் ஓரத்தால் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. இன்னொரு துண்டு. இன்னொன்று. “நல்லாயிருக்கே அண்ணை?” ஓம் என்று தலை. அவள் அழவில்லை, அழுதால் கை நடுங்கும், நடுங்கினால் ஐஸ் விழும்.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் ஏறியது. வெளியே என்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல் கம்பி அதிர ஓடிக்கொண்டிருந்தது. மார்கிரட் மச்சாள், “நோயாளி கிடக்கிற வீடு எண்டு தெரியாதே, நிப்பாட்டச் சொல்லுறன்” என்று எழும்பினாள். அண்ணையின் கை மச்சாளின் சேலையைப் பிடித்தது. வாயில் இருந்த ஐஸை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, காற்றாய்ச் சொன்னார், “வேண்டாம். ஓடட்டும்.”

இதை இவரிடம் சொல்லவேண்டும், இந்த நிமிஷமே சொல்லவேண்டும். தேவகுமாரி முற்றத்துக்கு வந்தாள். அவர் பொனற்றுக்குள் குனிந்து நின்றார், மரக்குச்சியால் வாயைத் தட்டித் தட்டி. ஏன் நிறுத்தவில்லை, கார்தான் நிற்கிறதே, நிற்கிற காருக்கு எதற்கு இழுவை, இருக்கிற காஸும் முடிந்தால் வீட்டுக்கு எப்படிப் போவது… “மண்ணெண்ணெய் ஒரு போத்தல் கிடக்குது” என்றார் அவர், கேட்காமலே, நிமிராமலே. அவள் கிட்டப் போய் எட்டிப் பார்த்தாள். அவள் சிமிழ் உள்ளே வீட்டில், அண்ணையின் தலைமாட்டில் இருக்கிறது. ஆனால் குழாயோரம் அந்த இடத்தில், வெள்ளை பூத்தபடி, இன்னொரு தொண்டைமாத்திரைத் தகரம் இருந்தது. அதே அளவு. அதைச் சுற்றி நாலு பக்கமும் ஈயம் பற்றவைத்த விளிம்பு, அது விழாமல் இருக்க. காற்றுக்கு எதற்கு விளிம்பு? அன்றைக்கு அவள் சிமிழ் அளவெடுத்தாற்போல் போய் இருந்ததும் இதற்குள்தானே, அவள் கேட்கிறதுக்கு முதலே.

பங்குனி. புட்டு. சம்பல் கொஞ்சம் போடும்.

“இஞ்சருங்கோ…” என்றாள். “உது எப்ப…” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “இன்னும் பத்து நிமிஷத்தாலை இறுகியிடும்,” என்றார், “பொறுத்துக் கொண்டுபோம். முதல் வில்லையை எடுத்தவரோ?” ஓம் என்று தலையை ஆட்டினாள். ஓடட்டும் என்று அண்ணை சொன்னதைச் சொல்லத்தானே வந்தாள், அதற்குள் இது. குளிர்காற்று… என்சினுக்கா? அவள் கையைப் பொனற்றின் விளிம்பில் வைத்தாள், அது அதிர்ந்துகொண்டே இருந்தது, அவர் கையும் பக்கத்தில் இருந்தது, விரல் நுனிகள் குளிரில் வெளிறிப்போய், எத்தனை நாளாய் அப்படி இருக்கின்றனவோ, அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.