பதினான்காம் எண் சட்டை

வலது கன்னத்தை மழித்து முடித்து இடது கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. அப்பாவின் கண்கள் உடனே வாசல் பக்கம் போயின. கழுத்தைத் திருப்ப முடியாமல் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது. கண்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

"யாருன்னு பாரு, பெஞ்ச்."

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. பெஞ்ச் என்பது அவள் பெயர் அல்ல. ரேசரைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி போனாள்.

வாசலில் ஒரு கிழவர் நின்றிருந்தார். ஒரு பிளாஸ்டிக் பையை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். நேரில் பார்த்ததில்லை என்றாலும் அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. நான்கு தெரு தள்ளி ஒரு டிரைவிங் ஸ்கூல் பலகையில் அந்த முகம் நாற்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. முகத்துக்குக் கீழே, 'லீகின் கடைசி கோலை அடித்தவரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருக்கும். அந்தத் தெருவில் இந்த வீட்டுக்காரர்கள் யாரும் கால் வைக்கக் கூடாது. அவளும் அண்ணனும் பள்ளிக்கூடத்துக்கே சுற்றுவழியில்தான் போய் வந்தார்கள்.

"நான்தான் பதினாலு. அப்பாகிட்ட சொன்னா தெரியும்" என்றார்.

"எனக்கே தெரியும்" என்றாள்.

தெரியாமல் எப்படி இருக்கும். மற்ற வீடுகளில் பிள்ளைகள் கதை கேட்டுத் தூங்கினார்கள். இந்த வீட்டில் அந்த ஒரு ஆட்டத்தைக் கேட்டுத்தான் தூங்க வேண்டும். சம்பளத்துக்கு ஆடும் கால்பந்து லீக், ஆறு அணிகள். நடத்திய கம்பெனி கைவிட்டதில் இரண்டாவது வருஷம் பாதியிலேயே படுத்துவிட்டது. இருபதாயிரம் பேர் உட்காரக்கூடிய மைதானத்தில் கடைசி ஆட்டத்துக்கு நானூறு பேர். அப்பா ஏழாம் எண், ஓரத்தில் ஓடுகிறவர். அதுவரை இருபத்துமூன்று ஆட்டங்கள் ஆடி ஒரு கோல்கூட அடித்ததில்லை. அன்றைக்கு யாரோ ஒருவனின் முழங்கை பட்டு மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். ரத்தச் சட்டையோடு ஆட விடமாட்டார்கள். மாற்றுச் சட்டை எடுத்துத் தர வேண்டியவன் வேலையை விட்டுப்போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. கடைசியில் மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனின் சட்டையைக் கழற்றி வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினார் அப்பா. பதினோரு நிமிஷத்தில் கோல். மேலே அறையில் உட்கார்ந்து ஆட்ட விவரத் தாள் எழுதியவர் முதுகைப் பார்த்துப் பதினாலு என்று எழுதினார். மறுநாள் பத்திரிகையில் அப்படியே வந்தது. திருத்தச் சொல்லி அப்பா லீக் ஆபீசுக்குப் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது.

அந்தப் பதினாலாம் எண்காரர் இரண்டு வருஷத்தில் ஒரு நிமிஷம்கூட ஆடியதில்லை. அந்தக் கோல் விழுந்தபோதும் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துதான் இருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இப்படிச் செத்துப்போன லீகுகளின் விவரங்களைத் தேடித் தேடி இணையத்தில் போட ஆரம்பித்தார். வீட்டில் அவருக்குப் பட்டியல்காரர் என்று பெயர். அந்தப் பட்டியலிலும் கடைசி கோல் பதினாலுக்குத்தான். அப்பா சொல்லச் சொல்ல அவள் பதினோரு கடிதம் எழுதி அனுப்பினாள். மரியாதையாகப் பதில் வந்தது. 'ஐயா, தாளில் பதினாலு என்று இருக்கிறது. பதினாலாம் எண்காரரே ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே மாற்றிவிடுகிறேன்.'

"நான் ஆள் அனுப்பி அவன்கிட்ட கெஞ்சணுமா? அவனா வரணும்" என்றார் அப்பா. அன்றிலிருந்து ஒவ்வொரு அழைப்பு மணிக்கும் அவர் கண்கள் வாசலுக்குப் போயின.

இப்போது வந்து நிற்கிறார்.

"எப்பவோ வந்திருக்கணும்மா" என்றார் கிழவர். "பலகை எழுதினவன் பேப்பரைப் பார்த்துட்டு அவனா எழுதிட்டான். பசங்க வந்து சேர ஆரம்பிச்சாங்க. சரி, அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன். என் பொண்டாட்டி அதை நம்பித்தான் என்னைக் கட்டிக்கிட்டா. அவகிட்ட எப்படிச் சொல்றது? போன மாசம் அவளும் போயிட்டா. இனி யாருக்காகப் பொய் சொல்லணும்?" பையை நீட்டினார். "அந்தச் சட்டை. அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டு, பட்டியல் போடுறவருக்கும் இன்னிக்கே போன் பண்ணிடறேன்."

வாசலிலிருந்து அப்பாவின் கட்டிலுக்குப் பன்னிரண்டு எட்டுதான் தூரம். ராத்திரியில் நடந்து நடந்து அவள் எண்ணியிருக்கிறாள்.

"தூங்கறார்" என்றாள்.

தன் வாயிலிருந்து வந்தது தனக்கே புதிதாக இருந்தது. ஆனால் அடுத்தது சிரமமில்லாமல் வந்தது. "எழுப்பக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், சார்."

"அப்ப நீயே சொல்லிடறியாம்மா? நாளைக்கு நான் வரேன்."

"சொல்றேன்."

அவர் போனதும் பையைச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு உள்ளே வந்தாள். அப்பாவின் கன்னத்தில் நுரை காய்ந்து பொருக்காகியிருந்தது.

"யாரு?"

"மீட்டர் பார்க்க வந்தவர்."

"அதுக்கு இவ்வளவு நேரமா? நீ கதவைத் திறக்கறதுக்குள்ள மேட்சே முடிஞ்சிடும்."

மறுபடி நுரை தடவினாள். தாடையோரம் மிகவும் கவனமாக மழித்தாள். ஒரு கீறல்கூட விழவில்லை.

தனக்குக் கோபமா என்று தேடிப் பார்த்தாள். பீரோவுக்கு அடியில் கைவிட்டுத் துழாவுவதுபோல இருந்தது. தூசிதான் கையில் பட்டது. பத்து வயதில் ஒரு விடுமுறை நாள். அம்மா காய்ச்சலில் கிடந்தாள். அப்பாவை அசத்த வேண்டும் என்று வீட்டுத் துணியையெல்லாம் அவளே துவைத்தாள். பெட்டிக்கு அடியில் ஏழாம் எண் சட்டை ஒன்று காகிதத்தில் சுற்றி இருந்தது. நெஞ்சில் பழுப்பாகக் கறை. நான்கு தடவை சோப்புப் போட்டு, விரல் தோல் உரியத் தேய்த்து, வெள்ளை வெளேர் என்று அப்பா முன்னால் விரித்துக் காட்டினாள். சட்டை மாறியதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தக் கறை என்பது அவளுக்குத் தெரியாது. அப்பா அடிக்கவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நீ பெஞ்ச். இனிமே எதையும் தொடாதே. உட்கார்ந்து பார்த்தா போதும்" என்றார். அண்ணன் சிரித்தான். அவன் அந்த வீட்டின் சென்டர் ஃபார்வர்டு, முன்னால் நின்று கோல் அடிக்கிறவன். அவள் பள்ளிக்கூடம் முடித்தபோதும், கல்யாணம் முறிந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தபோதும், ஆறு வருஷமாக மலச்சட்டி எடுக்கும்போதும் பெஞ்ச் என்ற பெயர்தான்.

மத்தியானம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. போனை அப்பாவின் காதில் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அவருடைய குரல் இளகியது. "வாடா, என் சென்டர் ஃபார்வர்டு. நாளைக்கு வந்துடுவியா... தங்கச்சியா? இருக்கா, இருக்கா. எப்பவும்போல உட்கார்ந்திருக்கா."

அவள் கை மாற்றிப் போனைப் பிடித்தாள்.

இன்னும் நேரம் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். கஞ்சி ஊட்டும்போது அது நாக்கு நுனிவரை வந்தது. விரிப்பு மாற்றும்போது வந்தது. அப்போதுதான் தனக்குள் ஒரு கணக்குப் போட்டிருப்பது அவளுக்கே புரிந்தது. ஒரு தடவை அவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். பெயர்கூட வேண்டாம், சும்மா 'அம்மா' என்று கூப்பிடட்டும். சொல்லிவிடலாம்.

சாயங்காலம் மூச்சு மாறியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பையனுக்குச் சொல்லிவிடுங்கள் என்று மெதுவாகச் சொல்லிப் போனார். ஜன்னல் கம்பி நிழல் போர்வைமேல் நீண்டு கிடந்தது. அப்பா கண்ணைத் திறந்தார்.

"அவன் வந்தானா? அந்தப் பதினாலு?"

அவள் குனிந்தாள். "நான் யாருன்னு தெரியுதாப்பா?"

அவர் அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தார். நெற்றி, கண், மோவாய் என்று ஒவ்வொன்றாக. உதடு லேசாக விரிந்தது.

"பெஞ்ச்" என்றார்.

அந்தச் சொல்லில் இருந்தது பிரியம்தானோ என்று யாராவது கேட்டால் இல்லை என்று அவளால் சத்தியம் செய்ய முடியாது. முப்பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் அதைக் கடிக்காமல் சொன்னார். ஆனால் அவள் கேட்டது அது இல்லை.

"வரலப்பா" என்றாள்.

அவர் கண்கள் வாசல் பக்கம் போயின. அங்கேயே நின்றன. சற்று நேரம் கழித்துத்தான் அவை நின்றுவிட்டன என்று அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் காலையில் அண்ணன் வந்து அழுதான். குளித்தான். வந்தவர்களிடம் அந்தக் கடைசி கோலைப் பற்றிச் சொன்னான். பிறகு ஏழாம் எண் சட்டையைக் கேட்டு வாங்கி அப்பாவுக்குப் போட்டுவிட்டான்.

"பரவாயில்லையே" என்றான். "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கே. ஒரு கறை இல்ல. போட்டோவில நல்லா விழும்."

தகனக் கூடத்துக்கு வெளியே சுவரோரமாக ஒரு சிமென்ட் பெஞ்ச் இருந்தது. அதில் கிழவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே வர அவருக்குத் தைரியமில்லை போலிருந்தது. அவளைப் பார்த்ததும் எழப் பார்த்தார், முழங்கால் விடவில்லை.

"ஒரு நாள்ல தவறவிட்டுட்டேனேம்மா" என்றார். "சொன்னியா அவர்கிட்ட?"

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"சிரிச்சார்."

"திட்டலையா? நாப்பத்தாறு வருஷம்மா. திட்டியிருக்கணும்." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்து எண்ணைத் தேடினார். "அந்தப் பட்டியல் போடுறவர்கிட்ட இப்பவே சொல்லிடறேன். எரியறதுக்குள்ள மாத்திடட்டும்."

"வேண்டாம் சார்."

அவர் நிமிர்ந்தார்.

"அப்பா வேண்டாம்னுட்டார்" என்றாள். குரல் பிசிறவில்லை. "'அந்தக் கோல் அவன்கிட்டயே இருக்கட்டும், அவனுக்கு வேற என்ன இருக்கு'ன்னார். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டார்."

அப்பா தன் வாழ்நாளில் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. அவரைத் தெரிந்த எவரும் இதை நம்பமாட்டார்கள். கிழவர் நம்பினார். போனை மடியில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல விக்கி விக்கி அழுதார். "எப்பேர்ப்பட்ட மனுஷன்" என்றார் விரல்களுக்கிடையே. "எப்பேர்ப்பட்ட மனுஷன்."

அவள் கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் பையை வெளியே எடுத்தாள். திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டுவந்திருந்தாள். கொடுக்கவில்லை. அழுதபடியே கிழவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். சிமென்ட் குளிர்ந்திருந்தது.

உள்ளேயிருந்து அண்ணன் எட்டிப் பார்த்துக் கையசைத்தான். கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கிறவர்கள் வரலாமாம்.

அவள் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.