வெளியே செல்லும் நாட்கள்

றெஜி தயாரித்த அட்டவணையில் மூன்று நிரைகளும் ஐந்து நிரல்களும் இருந்தன. நிரைக்கு ஒன்றாக மூன்று பாடத்திட்டங்கள். முதலாவது, அரசாங்கப் பாடநூல்களை வீட்டிலேயே படித்துத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரப் பரீட்சை எழுதுவது. இரண்டாவது, வெள்ளவத்தையில் ஒரு கல்வி நிலையம் நடத்திவந்த லண்டன் பாடத்திட்டம். மூன்றாவது, அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வந்து இறங்கும் பயிற்சிப் புத்தகங்கள். தரம் ஏழில் படிக்கும் மகள் நிலூஷாவைப் பாடசாலையிலிருந்து நிறுத்தி வீட்டில் படிப்பிப்பதென்றால், இவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டும்.

பிறிஜெற் அந்தத் தாளை வாங்கி, வழக்கம்போலச் சிவப்புப் பேனையைத் திறந்தாள். வெள்ளவத்தையில் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் அலுவலகத்தில் பதினொரு வருடங்களாக அவள் செய்துவந்த வேலை அதுதான். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகப் பதிவு எதுவாயினும், மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்து ஒப்புநோக்குவாள். கணவனின் தாளில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்த பிறகுதான், ஐந்தாவது நிரலின் தலைப்பு அவள் மனத்தில் ஏறியது. பாடங்கள், மொழி, புத்தகங்கள், பரீட்சை என்பவற்றை அடுத்து, அதே ஒழுங்கான கையெழுத்தில், ‘வெளியே செல்லும் நாட்கள்’ என்று இருந்தது. அரசாங்கப் பாடத்திட்டத்துக்கு நேரே, பரீட்சை நாட்கள் மட்டும், பன்னிரண்டு. லண்டனுக்கு நேரே கிழமைக்கு இரண்டு. அமெரிக்கப் பெட்டிக்கு நேரே ஒரு பூச்சியம். பூச்சியத்தைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டிருந்தான்.

“பெட்டிதான் நல்லது,” என்றான் றெஜி. “எல்லாம் வீட்டுக்கே வரும்.”

“பரீட்சை இல்லையே. படிச்சு முடிச்சாப் பிறகு பிள்ளை என்னத்தைக் காட்டுறது?”

“ஆருக்குக் காட்டோணும்?”

அவன் அதை நிஜமாகவே கேட்டான். பிறிஜெற் பேனையை மூடினாள். 

றெஜி துறைமுகத்தின் ஒரு வாசலில் வேலை பார்த்தான். உள்ளே வரும் கொள்கலன், வெளியே போகும் கொள்கலன் ஒவ்வொன்றினதும் இலக்கத்தையும், கதவில் போட்ட சீலின் இலக்கத்தையும், நேரத்தையும் குறிப்பது அவன் கடமை. வேலைமுறை முடியும்போது, உள்ளே, வெளியே என்ற இரண்டு நிரல்களும் ஒத்துப்போக வேண்டும். பதினெட்டு வருடங்களில் அவனுடைய பக்கம் ஒருநாளும் பிசகியதில்லை. பிசகிய ஒரே இடம் துறைமுகத்துக்கு வெளியே இருந்தது. தேவாலயங்களில் குண்டு வெடித்த 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறன்று, தங்கை ரொஷேலைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, மோட்டார் சைக்கிளை நிறுத்த இடம் தேடிப் போனான். அவள் உள்ளே போன நேரத்தை இன்றும் நிமிடக் கணக்கில் சொல்வான். அதற்கு அடுத்த நிரலில் எழுத அவனிடம் எதுவும் இருக்கவில்லை.

அதன் பின்னர் முதலில் ஞாயிற்றுப் பூசை நின்றது. பிறகு காலிமுகத்திடல் நின்றது. பிறகு பிள்ளையின் சிநேகிதிகளின் பிறந்தநாள்கள். பாடசாலை மட்டும் எஞ்சியது. கொட்டாஞ்சேனையிலேயே, பத்து நிமிட நடையில் இருந்தபடியால் எஞ்சியது. போன மழையில் முன்வாசலில் வெள்ளம் நின்றதால், ஒருநாள் பிள்ளைகளைப் பின்வாசலால் விட்டார்கள். றெஜி முன்வாசலில் நாற்பது நிமிடம் நின்றான். நிலூஷா அந்நேரம் வீட்டில் மாரி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை; கொப்பியும் பேனையுமாகப் பாடசாலை வாசலில் நின்று, போவோர் வருவோரைக் குறித்தான். அடுத்த நாளும் நின்றான். மூன்றாம் நாள் காவலாளி முறையிட, அதிபர் பிறிஜெற்றை அழைத்து, இது இப்படியே தொடர முடியாது என்பதை மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் யோசனை அவ்வாறுதான் பிறந்தது. ஒரு வருடம் மட்டும் என்று பிறிஜெற் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மகள் வீட்டில் இருந்தால் அவன் வேலைக்குப் போவான், நித்திரை கொள்வான், மெல்ல மெல்லத் தெளிவான். அது அவனுக்கான மருந்து. மருந்தாகப் பிள்ளையைக் கொடுக்கிறோம் என்ற எண்ணம் அவளுக்கு வராமல் இல்லை; வந்தபோதெல்லாம் வேறு வேலை பார்த்தாள்.

முடிவெடுக்கும்வரை பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் என்றான் றெஜி. முதல் கிழமையில் பல்கனிக் கதவின் கொண்டியில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் சீல் தொங்கியது. மாடியிலிருந்து கீழே தெருவை எட்டிப் பார்க்கும் பழக்கம் நிலூஷாவுக்கு இருந்தது.

“என்னைக் கப்பல்ல ஏத்தப் போறீங்களா அப்பா?”

“ஏத்தினா எந்தத் துறைமுகம் வேணும்?”

“தூத்துக்குடி. கிட்ட. பிறகு நீங்கள் வந்து எண்ணுறது லேசு.”

தகப்பனும் மகளும் சிரித்தார்கள். பிறிஜெற்றும் சிரித்தாள். கத்தரிக்கோலால் வெட்டக்கூடிய பொருள்தான். பிளாஸ்டிக் சீல் ஒருவரையும் மறிக்காது, திறந்ததைத்தான் காட்டிக்கொடுக்கும் என்று அவன் விளக்கினான். மறிப்பதற்கு வேறு சீல் உண்டு, விரல் தடிப்பில் உருக்கு ஆணி, போட்டால் போட்டதுதான், அதற்குச் சாவியே கிடையாது. வேலையிடத்துப் பொருளைப் பற்றி ஒரு மனிதன் வீட்டில் பேசுகிறான் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். மணிக்கொரு தடவை அவன் தொலைபேசியில் அழைப்பதும், நிலூஷா ஓடிப்போய் மஞ்சள் சீலின் இலக்கத்தை வாசித்துச் சொல்வதும் இரண்டாவது கிழமையில் வழக்கமாகிவிட்டன.

பாடத்திட்டத்தில் மட்டும் பிறிஜெற் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளவத்தை நிலையம்தான் என்று நின்றாள். செவ்வாயும் வியாழனும் பிள்ளையைத் தானே கூட்டிப்போய், தன் அலுவலகத்திலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் அந்த வகுப்பில் விட்டு, தானே கூட்டிவருவாள். அங்கே ஆய்வுகூடம் இருக்கிறது. அதைவிட, வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள். சண்டை வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். றெஜி அட்டவணையைச் சற்றுநேரம் பார்த்தான்.

“சரி. வெள்ளவத்தையே எடுப்பம். பதியிறதை நான் பார்க்கிறன். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை நிப்பாட்டுற கடிதத்தை நீர் எழுதும். உம்மைப்போல ஆர் எழுதப்போகினம்?”

அவள் எழுதினாள். ஒரு சொல் மிகையின்றி, ஒரு சொல் குறைவின்றி எழுதினாள். அதிபர் அதை இருமுறை வாசித்துவிட்டு, விடுகைப் பத்திரம் வெள்ளிக்கிழமை காலை ஆயத்தமாக இருக்கும் என்றார். அதற்குமேல் ஒரு சலுகையும் தந்தார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் மனம் மாறிப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால், ஒன்றும் நடக்காததுபோல நிலூஷா திங்கட்கிழமை வகுப்பில் இருக்கலாம். பன்னிரண்டு அடித்தால் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்; பிறகு தானே நினைத்தாலும் பிள்ளையைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். அந்த இடத்துக்காகத் தரம் ஒன்றில் ஒரு தலையணைத் தடிப்புக்கு வதிவிடச் சான்றுகள் சேர்த்தது பிறிஜெற்றுக்கு நினைவிருந்தது. எனினும் கிழமைக்கு இரண்டு நாட்களை வென்றெடுத்தவள் என்ற திருப்தியோடு நன்றி சொல்லி எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில், வகுப்பு நேரசூசியை வாங்க நிலையத்துக்குள் நுழைந்தாள். முன்மேசையில் இருந்த நஸீறா கணினியைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்தாள்.

“மிஸ்ஸுக்கு டைம்டேபிள் எதுக்கு? மகள் வகுப்புக்கு வாறல்லயே. மகள்ட டெடி முழுக்க ஒன்லைனுக்குத்தானே பதிஞ்சிருக்கார்.”

அதே பாடத்திட்டத்தை வீட்டிலிருந்தபடியும் படிக்கலாம் என்பது நிலையத்தின் துண்டுப்பிரசுரத்தில் கடைசி வரியாக இருந்தது. பிறிஜெற் அதை வாசித்திருந்தாள். பிழை எதுவும் இல்லாத வரி அது. செய்முறைப் பாடத்துக்காவது பிள்ளை வரத்தானே வேண்டும் என்று கேட்டாள்.

“அதுவும் வேணாம்னுட்டார் மிஸ். மகளுக்கு வெளிய வர ஏலாத வருத்தமாமே. டொக்டர்ட கடிதம் பொறகு தாறன்னார்.” நஸீறா தன் குரலைத் தாழ்த்தினாள். “எங்களுக்கும் கவலதான். நாலு வருஷமும் அப்பிடியே இருக்கணுமாம்.”

நாலு வருடம். பிறிஜெற் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பது.

வீட்டுக்கு அழைத்தாள், யாரும் எடுக்கவில்லை. அலுவலகத்துக்குப் போகாமல் புகையிரத நிலையத்துக்கு நடந்தாள். கோட்டை வரைக்கும் கடல் வலப்பக்கமா இடப்பக்கமா வந்தது என்று பின்னர் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். கோட்டையில் ஒரு முச்சக்கர வண்டியில் ஏறி, இடத்தைச் சொல்லி, “இக்மனட்ட, மல்லி,” என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினாள். சாரதி திரும்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு கேள்வி கேட்காமல் விரைவாக ஓட்டினான்.

மூன்றாம் மாடியில், அவர்கள் வீட்டு இரும்புக் கிராதியில் பூட்டு இருக்கவில்லை. பூட்டுத் தொங்கும் வளையத்தில் ஓர் உருக்கு ஆணி செருகியிருந்தது. விரல் தடிப்பு. அதன் தலையில் ஏழு இலக்கங்கள். கிராதிக்கு உள்ளே, சாப்பாட்டுமேசைக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு, நிலூஷா மடியில் கொப்பியோடு இருந்தாள்.

“அப்பா எங்கை?”

“முதல்ல துறைமுகத்துக்கு. பிறகு பள்ளிக்கூடத்துக்கு, பத்திரம் எடுக்க.” பிள்ளை கொப்பியைப் பார்த்தாள். “நீங்கள் இப்ப வருவீங்கள் எண்டு இதில இல்லையே அம்மா. இண்டைக்கு ரெண்டு மணி வரைக்கும் லிஸ்ட்ல ஒருத்தரும் இல்லை.”

“போன் அடிச்சனே.”

“போனை அப்பா கொண்டு போயிட்டார். நம்பரை அரைமணித்தியாலத்துக்கு ஒருக்கா எழுதி வைக்கச் சொன்னவர்.”

கொப்பியில் ஒரே இலக்கம் ஆறு தடவை எழுதியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம். மகளின் கையெழுத்து தகப்பனுடையதைப்போல ஒழுங்காக மாறிவிட்டிருந்ததைப் பிறிஜெற் அப்போதுதான் கண்டாள். பதினெட்டு நாட்களில் ஒரு பிள்ளை எவ்வளவு படித்துவிடுகிறது.

கீழ்த்தளத்தில் பலீல் இரும்புச்சாமான் கடை வைத்திருந்தார். மனைவி ஸமீமாவோடு இரண்டாம் மாடியில் குடியிருந்தார். பிறிஜெற் கீழே போய்க் கூப்பிட, சாவி துலைஞ்சதா தங்கச்சி என்று கேட்டபடி, கம்பி வெட்டும் பெரிய கத்தரியைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க மேலே வந்தார். சீலைக் கண்டதும் அவருடைய பேச்சு நின்றது. கிராதிக்குள் இருந்த பிள்ளையைப் பார்த்தார். மறுபடி சீலைப் பார்த்தார்.

“இது கண்டெய்னருக்குப் போடுற சாமானெல்லோ,” என்றார் தாழ்ந்த குரலில். “உள்ளுக்குப் புள்ள இருக்கக்கொள்ளயா போட்ட? நெருப்புக் கிருப்புப் புடிச்சா?”

 கத்தரியின் ஒரு கையை அவர் பிடிக்க, மற்றதைப் பிறிஜெற் பிடித்தாள்.

“வெட்டினா நம்பர் மாறும் அம்மா,” என்றாள் நிலூஷா. “அப்பாக்குத் தெரிஞ்சிடும்.”

“தெரியட்டும்.”

மூன்றாவது முயற்சியில் ஆணி அறுந்து, தலை படியில் விழுந்து, உருண்டு கீழே போனது. கதவு திறந்தது. நிலூஷா கதிரையை விட்டு எழவில்லை. திறந்த கதவை, எழுதுவதா விடுவதா என்று தெரியாத ஒரு பதிவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“அறைக்குள்ள இன்னும் ஒரு பெட்டி இருக்கு,” என்றாள். “இதேமாதிரி. நூறு.”

“வா. பள்ளிக்கூடத்துக்குப் போவம்.”

“யூனிபோம்?”

“வேண்டாம். செருப்பைப் போடு.”

பதினொன்று இருபத்தாறு. பத்து நிமிட நடை. பத்திரம் இல்லாமலே போய் அதிபரின் காலில் விழுவது என்றுதான் பிறிஜெற் நினைத்திருந்தாள். அதற்குத் தேவை ஏற்படவில்லை. இரண்டாம் மாடிக்கும் முதலாம் மாடிக்கும் இடையே, படி திரும்பும் இடத்தில், றெஜி ஏறி வந்துகொண்டிருந்தான். ஒரு கையில் பழுப்புக் கடித உறை. மறு கையில், கீழே உருண்டு வந்த ஆணித்தலை.

அவன் கோபப்படவில்லை. சுவரோரமாக ஒதுங்கி நின்றான், வாசலில் ஒரு லொறிக்கு வழிவிடுவதுபோல. ஆணித்தலையை வெளிச்சத்துக்குத் திருப்பி வாசித்தான்.

“கடைசியா எத்தனை மணிக்குப் பார்த்தனீர் மகள்?”

“பதினொண்டுக்கு,” என்றாள் நிலூஷா. பிறகு, கேட்காமலே, ஏழு இலக்கங்களையும் மனப்பாடமாகச் சொன்னாள். அவன் தலையசைத்தான். சரியாக இருந்தது.

“பத்திரத்தைத் தாங்கோ றெஜி.”

“இது நான் சைன் வச்சு எடுத்தது.”

“தாங்கோ.”

“சைன் இல்லாமல் குடுக்கேலாது பிறிஜெற். உமக்குத் தெரியும்தானே.”

அவன் சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்து, கைப்பிடிச் சுவரில் வைத்துத் திறந்தான். பலீலின் காலடி மேலே எங்கோ நின்றிருந்தது. பிறிஜெற் சிவப்புப் பேனையை எடுத்தாள். பக்கத்தின் தலைப்பில் இரண்டு சொற்கள் இருந்தன: உள்ளே, வெளியே. முதல் வரியில் ரொஷேல் என்ற பெயர் இருந்தது. அதற்கு ‘உள்ளே’ மட்டும் இருந்தது. அதன் கீழே, பக்கம் முழுவதும், நிலூஷா. பதினெட்டு நாட்களுக்கான வரிகள். அவன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவள் ஒப்பமிட்டாள். உறை அவள் கைக்கு வந்தது. கடைசிக் கணத்தில் அவனுடைய பெருவிரல் அதன் மூலையில் சற்று நேரம் இருந்தது, பிறகு விட்டது.

அவர்கள் அவனைக் கடந்து இறங்கினார்கள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ‘வெளியே’ என்பதன் கீழ் நேரத்தை எழுதினான்.

“எத்தனை மணிக்கு உள்ள வருவீங்கள்?”

நிலூஷா வாய் திறந்தாள். பிறிஜெற் அவள் கையை இறுக்கினாள்.  தெருவாசலில் வெயில் கண்ணைக் குத்தியது. பிறிஜெற் ஒரு கணம் நின்று, மேலே ஏறும் காலடிக்காகக் காதுகொடுத்தாள். ஏறுவதும் கேட்கவில்லை, இறங்குவதும் கேட்கவில்லை. அவன் அங்கேயே நின்றான், வெற்றுக் கட்டத்தில் பேனையை வைத்தபடி.