குளிர் வந்தால் வந்துவிடுவாள்

வேனின் தரையில் ஒருக்களித்துப் படுத்து, இருக்கைக்கு அடியில் தோள்வரை கையை விட்டிருந்தாள். விரல் நுனியில் ஒரு திருகு தட்டுப்பட்டது. கண்ணாடிக் கடையில் இத்தனை வருஷமாக மூக்குக் கண்ணாடிகளின் பொடித் திருகுகளை முடுக்கிய விரல்கள்தான். ஆனால் அங்கே மேஜை உண்டு, விளக்கு உண்டு, கழுத்து இப்படிச் சுளுக்கிக்கொள்வதும் இல்லை. ஸ்க்ரூ டிரைவர் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை திருகு முனகிக்கொண்டு அசைந்தது.

இருக்கைக்கு அடியிலிருந்த காஸ் ஹீட்டரின் மோட்டார் போன வாரம் உயிரை விட்டிருந்தது. இரண்டு நாள் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்துவிட்டு அடங்கிப்போனது. அது விசிறியைச் சுழற்றினால்தான் காஸ் பற்றும். விசிறி நின்றால் ஹீட்டர் வெறும் தகர டப்பா. நின்றதும் சரியாகக் குளிர் தலைகாட்டிய வாரத்தில்.

குளிரைக்கூட அவள் பெரிதாக நினைக்கவில்லை. வீட்டார் அதற்காகக் காத்திருந்ததுதான் எரிச்சலாக இருந்தது. வேன் நின்றது அவர்கள் வீட்டு கேட்டுக்குள்ளேயே, சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. "குளிர் ஒரு தட்டு தட்டினா தானா உள்ள வந்துடுவா" என்று நாத்தனார் உள்ளே சொன்னது அட்சரம் பிசகாமல் வேனில் வந்து விழுந்தது. மகளும் தொலைபேசியில் அதையே கொஞ்சம் பாசம் தடவிச் சொன்னாள். "வீம்பு போதும்மா. குளிர்ல என்ன பண்ணுவே?" தெருவில் அதற்குள் வேன்காரம்மா என்று பேரே வைத்துவிட்டார்கள்.

எல்லாம் கணவர் பணி ஓய்வு பெற்ற பிறகு வந்தது. பகலெல்லாம் தனியாக இருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அவர் கடை முதலாளிக்கு ஃபோன் போட்டார். மறுநாள் காலை சாப்பாட்டுப் பையோடு கடைக்குப் போனால் அவள் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதலாளி தலையைச் சொறிந்தார். "நீங்க இனிமே வரலன்னு சார் சொன்னாரேம்மா. நீங்களே சொல்லச் சொன்னதா சொன்னாரு."

முதலாளியிடம் பேசி, வேலையையும் நாற்காலியையும் அன்றைக்கே திரும்பப் பெற்றுவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நான் எப்பங்க சொன்னேன்?"

அவர் அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். உன் முழங்கால், உன் கண், நமக்கு என்ன குறைச்சல், உன் நல்லதுக்குத்தான். மறுபடி கேட்டாள். மறுபடி முழங்கால். தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு வேனில் போய்ப் படுத்தாள். ஊர் சுற்றுவதற்காகப் படுக்கையும் ஹீட்டரும் போட்டு வைத்திருந்து, அண்ணன் வெளிநாடு போகும்போது அவள் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன வண்டி. ஆகவே அதைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. குளிக்க மட்டும் வீட்டுக்குப் போவாள். அதுவும் வாசலில் காலிங் பெல்லை அடித்து, கதவு திறக்கும்வரை நின்று. அந்த மணிச்சத்தம் அவரைப் படுத்திய பாடு வேறெதுவும் படுத்தவில்லை.

மோட்டார் நின்ற அன்று மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ரொம்பப் பழைய அயிட்டம்மா. மோட்டார் மாத்துறது பெரிய ரோதனை. புது ஹீட்டரே போட்டுடலாம். சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார்.

சார்கிட்ட ஒரு வார்த்தை. அது போதுமாக இருந்தது. லீவு நாளில் பழைய வண்டிகளை உடைத்துப் போடும் யார்டுக்குப் போனாள். இதே ரக ஹீட்டர் ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் மோட்டாரை மட்டும் கழற்றி, சுற்றுகிறதா என்று பேட்டரியில் வைத்துப் பார்த்து வாங்கிவந்தாள்.

இப்போது பழைய மோட்டார் கைக்கு வந்தது, ஒரு பந்து தூசியோடு. விசிறிச் சக்கரத்தைக் கழற்றி, துடைத்து, புதியதின் தண்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வேனின் கதவு இழுபட்டது. கணவர். கழுத்தில் மஃப்ளர், கையில் மூடி போட்ட டீ கிளாஸ்.

"மெக்கானிக் வந்து பாத்தானே."

"பாத்தாரு."

"காஸ் சமாச்சாரம். விளையாட்டில்ல."

"மூடிட்டுத்தான் தொட்டேன்."

அவர் டீயை வைத்தார். போகவில்லை. குனிந்து பார்த்தார். அவள் பக்கத்தில் கிடந்த டார்ச்சை எடுத்து நீட்டினாள். "நிக்கறதுன்னா இதைப் பிடிங்க."

பிடித்தார். வெளிச்சம் அவள் கையைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது. எப்படியோ மோட்டாரைப் பொருத்தி, வயரைச் சேர்த்து, காஸைத் திறக்காமல் விசிறியை மட்டும் போட்டாள். தகரத்தைப் பிராண்டுவது போல ஒரு சத்தம். உடனே அணைத்தாள்.

"சரி, விடு. முயற்சி பண்ணியாச்சு. உள்ள வா" என்றார். குரலில் இரக்கம் இருந்தது. அதற்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அவள் காதுக்கு இரண்டாவதுதான் முதலில் கேட்டது.

வயரைப் பிடுங்கினாள். திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டீ கிளாஸின் மூடியில் போட்டாள். சக்கரம் தண்டில் ஒரு நூல் அளவு கூடுதலாக இறங்கியிருந்தது. அதனால்தான் உரசல். அதை மேலே இழுத்து, மறுபடி திருகத் தொடங்கினாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விரல்கள் விறைத்துப்போய், இரண்டு தரம் ஸ்க்ரூ டிரைவர் நழுவியது. அவர் கால் மாற்றி நின்றார்.

"நீ சொல்லல" என்றார் அவர்.

அவள் திரும்பவில்லை.

"கடைக்காரன்கிட்ட. நீ சொல்லச் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

இத்தனை மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த பதில். வரும்போது நெஞ்சு என்னென்னவோ செய்யும் என்று நினைத்திருந்தாள். முழங்கைதான் வலித்தது. திருகை மெல்ல முடுக்கினாள்.

"சரி. நாளைக்குக் கடைக்கு ஃபோன் பண்ணி இதையும் சொல்லுங்க."

"அவன்கிட்டயா? அதெப்படி... அவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்?"

"அன்னிக்கு என்னைப் பத்தி என்ன நினைச்சான்னு நீங்க யோசிச்சீங்களா? லைட்டைக் கொஞ்சம் கீழ காட்டுங்க."

வெளிச்சம் இறங்கி அவள் விரலில் நின்றது. முதல்முறையாகச் சரியான இடத்தில்.

மோட்டாரை மறுபடி உட்காரவைத்தாள். பட்டனைத் தட்டினாள். உரசல் இல்லை, சீரான ஒரு ரீங்காரம். சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தடவி, காஸைத் திறந்து, குமிழி வருகிறதா என்று பொறுமையாகப் பார்த்தாள். வரவில்லை. ஹீட்டரின் பட்டனை அழுத்திப் பிடித்தாள். டிக் டிக் என்றது, பற்றியது. தூசி கருகும் வாசனை முதலில். பிறகு கணுக்காலில் மெல்ல வந்து தொட்ட வெதுவெதுப்பு. முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, இருக்கையில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தாள்.

சமையலறை ஜன்னலில் நாத்தனாரின் நிழல் வந்து நின்றது.

அவர் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, அணைக்காத டார்ச்சோடு நின்றார். ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"கதவைச் சாத்துங்க. சூடு வெளிய போகுது" என்றாள் அவள்.

அவர் கைப்பிடியைப் பற்றினார். பிறகு, உள்ளே ஏறிச் சாத்துவதா இறங்கிச் சாத்துவதா என்று தெரியாமல், அவள் முகத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றார். அவள் கால்களை ஹீட்டர் பக்கம் நீட்டிக்கொண்டாள்.