பச்சைத்தோல் கட்டிய சீட்டு

ஆம்பூர் கடைத்தெருத் திருப்பத்தில் எங்கள் முதலாளியின் கார் வருவதற்கு முன்னால் டிரைவர் மஹபூப் பாஷாவின் குல்லா வரும். ஜன்னலுக்கு வெளியே தலை அவ்வளவு சாய்ந்திருக்கும். தூங்கிக்கொண்டே ஓட்டுகிறார் என்றார்கள் சிலர். வாதம் இழுத்துவிட்டது என்றார்கள் சிலர். "அதெல்லாம் இல்லப்பா, பாய் போற வழியில கத்திரிக்கா இன்னா வெலன்னு விசாரிச்சிக்கினே போறாரு" என்பான் லோகநாதன்.

லோகநாதனும் நானும் பாலாற்றங்கரைத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி ஆட்கள். பச்சைத்தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புரட்டி, எடுத்து, மயிர் வழித்துக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டுப் பதம் செய்வதெல்லாம் அடுத்த கொட்டகைக்காரர்கள். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால்கூட, "அங்கயே நில்லு, சுண்ணாம்புத் தண்ணி சொட்டுது" என்று விரட்டுவார்கள்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் பாய் காரை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு எங்களிடம் வந்தார். முகத்தில் களையே இல்லை.

"இன்னா பாய், வூட்ல சோறு தீஞ்சிப்போச்சா?" என்றான் லோகநாதன்.

"என் வேலையே தீஞ்சிப்போச்சு லோகு. நாளைக்குக் காலையில ஜோலார்பேட்டை போயி ரயில்ல வர்ற விருந்தாளியக் கூட்டியாறணும். அதோட சரி. நாளான்னிலேர்ந்து கவுஸ் பாஷா ஓட்டுவானாம். எனக்கு உடம்பு கெட்டுப்போச்சாம், கேட்ல நாற்காலி போட்டு உட்காரணுமாம். சாப் சொல்லிட்டாரு."

"கேட்ல நெழல் ஜாஸ்தி பாய்" என்றேன். நாளெல்லாம் ஈரத்தில் நிற்கிற என் காலுக்கு அது பெரிய உத்தியோகமாகத்தான் தெரிந்தது.

"நெழல வெச்சி இன்னா பண்றது சாமி? அந்த நாற்காலி ஜோலார்பேட்டை போவுமா? மேட்டுல கீர் மாத்துமா?" என்று கேட்டவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ஒடம்புல ஒண்ணுமில்லடா. சீட்டுதான் சாயுது. நான் சாயல. சொன்னா யாரும் நம்பறதில்ல."

முதலாளி இஷ்தியாக் அகமது சாயபுவிடமும் அதையே சொல்லியிருக்கிறார். சாயபு வந்து குனிந்து பார்த்திருக்கிறார். சீட்டு நட்டுவைத்த கல் மாதிரி நேராக நின்றிருக்கிறது. "சீட்டு நல்லாத்தானே இருக்கு, உன் ஒடம்பப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் சாயபு கார் வாங்கின நாளிலிருந்து பின்சீட்டைத் தவிர வேறு எதிலும் உட்கார்ந்ததில்லை. முதலாளி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும் என்று அவருக்கு எண்ணம்.

சீட்டில் ஈரம் படாமல் சாக்கை விரித்துக்கொண்டு நான் ஏறி உட்கார்ந்தேன். மெத்தென்றிருந்தது. முதுகைச் சாய்த்ததுதான் தாமதம், சீட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வலது பக்கமாகப் போயிற்று. என் தலை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. உண்மையைச் சொன்னால் அப்படியே தூங்கிவிடலாம் போலவும் இருந்தது.

"எறங்குடா, குறட்டை வுடப்போறான்!" என்று லோகநாதன் என்னை இழுத்துவிட்டுப் பின்பக்கம் குனிந்து பார்த்தான். சாய்மானத்தின் இரும்புச் சட்டம் வலது பக்கம் அடியில் விட்டுப்போயிருந்தது. ஆள் சாய்ந்தால் சரியும். ஆள் எழுந்தால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் இழுத்து நிமிர்த்திவிடும். அதனால்தான் சாயபுவின் கண்ணுக்கு அகப்படவில்லை.

பற்றவைக்க வேண்டும் என்றால் வேலூர் போக வேண்டும். சீட்டு நேராக இருக்கிறது என்று சொன்னவர் காரை வேலூருக்கு எதற்கு விடுவார்?

"இதுக்கா பேஜார் ஆவுறீங்க?" என்றான் லோகநாதன். எங்கள் ஆட்களுக்கு எது உடைந்தாலும் தோல்தான் மருந்து. கூடைக்குப் பிடி போனாலும் தோல், கட்டில் கால் ஆடினாலும் தோல். தொட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த எருமைத்தோலில் ஒரு நீளப் பட்டை அறுத்துவந்தான். சீட்டின் பின்புறம் வலது தோளிலிருந்து இடது அடிக்கால் வரை, ஆபீஸ் சேவகன் போடுகிற டவாலி மாதிரி குறுக்கே இழுத்து முடிந்தான். நான் காலை உதைத்துக்கொண்டு இழுத்துக் கொடுத்தேன்.

"காஞ்சா இரும்பு பாய். கவலப்படாத போ."

பாய் உட்கார்ந்தார். நேராக இருந்தார். அன்று சாயங்காலம் காலிக் காரைச் சாயபு வீட்டில் விடப் போகும்போது வழியில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் சலாம் போட்டுக்கொண்டு போனாராம்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில், எங்கள் கைவேலையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சாயபு வீட்டுப் பக்கம் திரும்பினோம். காருக்குப் பக்கத்தில் பாய் தலையில் கைவைத்து நின்றிருந்தார். வாசனை பிடித்து வந்த நாய்கள் இரண்டு, கதவைப் பார்த்தபடி பக்தியோடு உட்கார்ந்திருந்தன.

உள்ளே, யாரும் உட்காராத டிரைவர் சீட்டு, பக்கத்துச் சீட்டின் காதில் ரகசியம் சொல்வது போல் இடது பக்கமாக வளைந்திருந்தது.

"நேத்து வரைக்கும் ஆள் உட்காந்தாத்தான் கோணல்" என்றார் பாய். "இன்னைக்கு ஆளே வேணாம்னுடுச்சு."

காய்ந்தால் இரும்பாகும் என்பது எங்களுக்குத் தெரியும். காய்கிறபோது எவ்வளவு சுருங்கி இழுக்கும் என்பதை யோசிக்கவில்லை. எங்கள் கைக்குத் தோல் ஈரமாக வரும், ஈரமாகவே போகும். மறுபடி அதைப் பார்ப்பது செருப்பாகத்தான்.

முடிச்சை அவிழ்க்கலாம் என்று லோகநாதன் கைவைத்தான். கல் மாதிரி இருந்தது. கத்தியை எடுப்பதற்குள் சாயபு வந்துவிட்டார்.

"இது இன்னா?"

"சீட்டு சாப்" என்றார் பாய்.

"சீட்டுன்னு தெரியுது. ஏன் இப்படி நிக்குது?"

லோகநாதன் நடந்ததைச் சொன்னான். சாயபு மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு கேட்டுவிட்டுப் பாயிடம் திரும்பினார். "வலது பக்கம் சாயுதுன்னு ஒரு மாசமா சொன்னே. இது இடது பக்கம் சாயுது. எதடா நம்பறது?"

அன்றோடு வேலை போகிறது என்பதாலோ என்னவோ, பாய்க்குத் தைரியம் வந்துவிட்டது. "கட்ட அறுத்துடறோம் சாப். நீங்களே ஒரு தரம் உட்காந்து பாருங்க. அப்புறம் கேட்டுக்குப் போவச் சொல்லுங்க, போறேன்."

லோகநாதன் கத்தியைப் போட்டான். பட்டை படீரென்று விட்டது. சீட்டு பழையபடி நேராக நிமிர்ந்து நின்றது.

"பார்த்தியா? நேராத்தானே இருக்கு!"

"உட்காருங்க சாப்."

சாயபு தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். யாரும் இல்லை. ஷெர்வானியை மடக்கிக்கொண்டு ஏறினார், சாய்ந்தார். சாய்ந்தவர் சாய்ந்துகொண்டே போனார். தலை ஜன்னலுக்கு வெளியே வந்தது. குல்லா கழன்று நாய்களுக்கு நடுவில் விழுந்தது.

மாடி ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து வீட்டம்மா சுகரா பேகத்தின் குரல் வந்தது. "ஏன்ஜி, மஹபூப் பாஷாவுக்கு வந்த நோய் உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா? கேட்ல ரெண்டு நாற்காலியாப் போடச் சொல்லட்டுமா?"

நாங்கள் தரையைப் பார்த்து நின்றோம். லோகநாதனின் தோள் மட்டும் குலுங்கியது.

சாயபு சாய்ந்தபடியே பாயிடம் கேட்டார். "ஒரு மாசமா இதுலயா ஓட்டினே?"

"ஆமா சாப்."

"கழுத்து வலிக்கல?"

"வலிச்சுது. சொன்னேன். நீங்க சீட்டப் பார்த்தீங்க."

"பார்த்தேன்" என்றார் சாயபு. "உட்காரல." இறங்கிக் குல்லாவைத் தட்டிப் போட்டுக்கொண்டார். "கவுஸ் பாஷாவ வர வேணாம்னு சொல்லி அனுப்பு. விருந்தாளிய எறக்கிட்டு நேரா வேலூருக்குப் போயி இதப் பத்தவெச்சுக்கினு வா." பிறகு கோபம் லோகநாதன் பக்கம் திரும்பியது. "என் ஷாப்புல வேலை செஞ்சிக்கினு பச்சைத்தோலாலயா கட்டுவே? பதம் பண்ண தோல் எதுக்குடா இருக்கு?"

"அந்தக் கொட்டகைக்குள்ள எங்கள வுடறதில்ல சாயபு. சொட்டுதும்பாங்க."

மாடியிலிருந்து, ரயில் பயணத்துக்குப் படுக்கையைச் சுருட்டிக் கட்டுகிற தோல் பட்டை ஒன்று வந்து விழுந்தது. நன்றாகப் பதம் செய்த தோல். அதை அதே மாதிரி குறுக்கே இழுத்து, அதன் கொக்கியில் மாட்டினோம். பாய் பிஸ்மில்லா சொல்லி ஏறினார்.

கார் கிளம்பித் தெருவில் திரும்பியது. ஜன்னலுக்கு வெளியே குல்லா இல்லை. ஆனால் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தால் தலை கொஞ்சம் இடது பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"இப்ப இன்னாத்துக்கு அந்தப் பக்கம் சாயறான்?" என்றார் சாயபு.

"ஒரு மாசமா வலது பக்கம் வுழாம புடிச்சிக்கினே ஓட்டினாரில்ல சாயபு, அந்தப் பழக்கம்" என்றான் லோகநாதன். "ஜோலார்பேட்டை போறதுக்குள்ள நேராயிடுவாரு."

நாங்கள் வேலைக்கு நடந்தோம். அறுத்த பட்டை லோகநாதனின் கையிலேயே இருந்தது. நாய்கள் இரண்டும் காரை விட்டுவிட்டு, அந்தக் கையைப் பார்த்தபடி ஷாப்பு வரைக்கும் எங்கள் பின்னாலேயே வந்தன.