துடக்குக் கழிவுக்கு வந்தவர்கள்

தீட்டுப் போக்கும் துடக்குக் கழிவன்று வீட்டில் இருந்தவர்கள் நல்லையா, அவர் மகன் சிவராசா, மருமகள் மனோன்மணி, அவளைப் பெற்ற பாலசிங்கம், அடுத்த வளவு இராசம்மா. தண்ணீர் தெளித்த ஐயர் கை நனைக்காமல் போய்விட்டார். அடம்பனில் பேர்போன குடும்பம். ஊரில் வேறொருவரும் வராததால் ஒரு கிடாரம் சோறு ஆறிக் கிடந்தது.

முப்பத்தொரு நாளுக்கு முன் மனோன்மணிக்குப் பிள்ளை செத்துப் பிறந்தது. இரத்தம் சோதித்த டொக்டர், புருசன் பெண்சாதி இருவருக்கும் சிபிலிஸ் என்றார். சிவராசா லொறி ஓட்டுகிறவன். வவுனியாவில் ஆமி கொடுக்கும் பாசுக்காகக் கிழமைக்கணக்கில் காத்துக் கிடந்தபோது போகக்கூடாத இடத்துக்குப் போயிருந்தான். ஒவ்வொரு தடவையும் உறை போட்டதாகச் சொல்லி அழுதான். அந்தத் தைரியத்தில்தான், அடிவயிற்றுக்குக் கீழே நோகாமல் வந்து ஆறிய புண்ணை அவன் யாரிடமும் காட்டவில்லை. டொக்டர் ஏசவில்லை. உறை பெரிய காவல்தான், ஆனால் அது மூடாத இடத்தில் புண் இருந்தால் தோல் பட்டே தொற்றிவிடும் என்றார். புண்ணைக் கண்டதும் வந்திருந்தால் ஊசியோடு போயிருக்கும், பிள்ளையும் தப்பியிருக்கும் என்றார். பிறகு இருவருக்கும் ஊசி போட்டார்கள்.

வெளியில் மூச்சு விடக்கூடாது என்று நல்லையா கட்டளையிட்டார். ஆனாலும் அந்த நோயின், வருத்தத்தின் பெயர் எப்படியோ ஊருக்குள் வந்துவிட்டது. மாசியில் பாலத்தடிச் சென்றியில், சோதனைக் காவலரணில், ஆமிக்காரர் மனோன்மணியை அரைநாள் இருத்தி வைத்ததும் ஊருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து ஊர் முடிச்சுப் போட்டது. நல்லையா மறுக்கவில்லை. மகனின் பெயர் தப்புகிறதே என்று இருந்துவிட்டார். மனோன்மணியும் மாமாவின் சொல்லை மீறவில்லை.

பாலசிங்கமும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வந்திருந்தார். மகளைக் கூட்டிப்போக வந்ததாக மட்டும் நிலத்தைப் பார்த்துச் சொன்னார். மனோன்மணி பிள்ளையைக் கிடத்தும் ஏணைக்கென்று கிழித்து வைத்திருந்த சேலையை மடித்துப் பையில் வைத்தாள்.

இராசம்மா பாக்கைச் சீவியபடி வாய் திறந்தாள். "கூட்டிக்கொண்டு போங்கோ தம்பி. ஆமிக்காரன் தொட்டதுக்கு இந்தப் பிள்ளை என்ன செய்யும், பாவம். நல்லையா அண்ணை இவ்வளவு நாள் வைச்சிருந்ததே பெரிய மனசு."

பாலசிங்கத்தின் தோள்கள் குலுங்கின. தன் வயதுடைய ஒரு மனிதன், தன் வீட்டில், செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து அழுவதை நல்லையாவால் பார்த்திருக்க முடியவில்லை. எழும்பிப்போய் அவர் முன்னால் நின்றார்.

"சென்றியில அவளை ஒருத்தரும் தொடேல்லை, சம்பந்தி. அடையாள அட்டை பார்க்க இருத்தினவங்கள். நான் பக்கத்திலதான் இருந்தனான். வருத்தம் என்ர மகன் கொண்டுவந்தது."