துணி காட்டும் பயிற்சி

உப்பளத்து ஆபீஸ் குமாஸ்தா தட்சணாமூர்த்திக்கு வாலிபாலில் ஒரு சர்வீஸ்கூட உருப்படியாகப் போட வராது. ஆனால் மரக்காணம் டீமுக்கு மூளைப் பயிற்சி கொடுக்கத் தன்னை விட்டால் ஆள் இல்லை என்பது அவனுடைய அபிப்பிராயம். கை கால் எல்லாருக்கும்தான் இருக்கிறது, ஆட்டம் நடப்பது மண்டைக்குள்ளே என்று ஏதோ ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு, எழுபத்து நாலாம் வருஷம் பங்குனி மாசம் பூராவும் கூட்டாளிகளின் உயிரை எடுத்தான்.

தினமும் சாயங்காலம் உப்பு வாரிவிட்டுக் களைத்து வருகிறவர்களை மணலில் நிறுத்துவான். வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சிவப்பு, பச்சை, மஞ்சள் துணிகளை மாற்றி மாற்றித் தூக்குவான். நிறத்தைக் கத்திக்கொண்டே அதற்குச் சொன்ன பக்கம் பாய வேண்டும். முப்பது தடவை. வரிசையை நோட்டில் அழகாக எழுதி வைத்திருந்தான். எழுதியதை மாற்றக் குமாஸ்தாவுக்கு மனசு வருமா? மாசம் முழுக்க அதே முப்பதுதான்.

முதலில் கத்துவது எப்போதும் சிலுவைமுத்து. டீமில் பந்தை அடித்து இறக்குகிறவன் அவன். மாசக் கடைசியில் கடலூரிலிருந்து போலீஸ் டீமுக்கு ஆள் எடுக்க வருகிறார்கள். தேறினால் வேலை, உப்பளத்துக்கு ஒரு கும்பிடு. எல்லாம் தன் பயிற்சியின் மகிமை என்று தட்சணாமூர்த்தி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மஞ்சள் துணியைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பதிலாகத் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைத் தூக்கினான்.

"மஞ்ச" என்றான் சிலுவைமுத்து. எல்லாரும் சிரித்தார்கள். தட்சணாமூர்த்திக்கு மட்டும் சுருக்கென்றது. அடுத்து வெறுங்கையைத் தூக்கினான்.

"பச்ச."

யாரும் சிரிக்கவில்லை.

தனியாக அழைத்துப் போய்க் கேட்டபோது சிலுவைமுத்து மறைக்கவில்லை. உப்புமேல் பட்ட வெயில் கண்ணில் அடித்து அடித்து, இரண்டு வருஷமாகவே பார்வை மங்கிக்கொண்டு வருகிறதாம். வானத்தில் பந்து கறுப்பாகத் தெரிகிறவரை அடித்துவிடலாம், துணி தெரியாது. வரிசையை முதல் வாரமே மனப்பாடம் செய்துவிட்டானாம்.

தட்சணாமூர்த்தி துணிகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். நாளைக்கு ஆட்டம் முடிந்ததும் டாக்டர் எழுத்துப் பலகை மாட்டிக் கண்ணைச் சோதிப்பார் என்று மெதுவாகச் சொன்னான்.

"தெரியும்பா. அதான் உன்னக் கேக்கறேன். நீ முன்னாடி போயி அந்தப் பலகையப் பாத்து வரிசையா எழுதிக்கினு வா. உன் ட்ரெய்னிங்தான் இருக்குதே, ஒரு மணி நேரத்துல மனசுல ஏத்திடுவேன்."

டாக்டர் குச்சியால் எந்த எழுத்தைத் தொடுகிறார் என்பதே இவனுக்குத் தெரியப்போவதில்லை. சிலுவைமுத்து சிரித்த முகமாய்ப் பதிலுக்குக் காத்திருந்தான்.

"சரி, எழுதிக்கினு வர்றேன்" என்றான் தட்சணாமூர்த்தி.